இடது கண்ணில் அரை மில்லிமீட்டர்: விழித்திரை ரத்தக்குழாய் அடைப்புக்கு நான் பார்த்த வைத்தியம்

கோவை கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 57. பம்ப் ஷாஃப்ட், புஷ் கடைவதுதான் முக்கால்வாசி வேலை. நுண்ணிய அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரைப் படிக்கும்போது வலது கண்ணை மூடிக்கொள்வது பழகிய பழக்கம். 2022 ஆகஸ்டில் ஒரு நாள் காலையில் அப்படிப் பார்த்தபோது கீழே இருந்த கோடுகள் மட்டும் எண்ணெய்க் கை பட்ட கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் மங்கலாகத் தெரிந்தன. வேஸ்ட் துணி எடுத்துத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன். பையன் ஒருத்தன், "அண்ணா, எவ்வளவு நேரம் தொடைப்பீங்க?" என்றான். அழுக்கு கருவியில் இல்லை.

மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். "பவர் மாறியிருக்கு சார்" என்று 6,800 ரூபாய்க்குப் புதுக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். அதைப் போட்டுக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினேன். அந்த மூன்று வாரம் வீண். ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று ஒரு பக்கம் மங்கினால் கண்ணாடிக் கடைக்குப் போகவே கூடாது என்பது இப்போது தெரிகிறது. கடைக்காரரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்ப்பது அவர் வேலை இல்லை.

அப்புறம் பக்கத்துக் கண் டாக்டரிடம் போனதும் அவர் முதலில் கையில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார். 180/110. அதுவரை ஒரு மாத்திரை தின்றதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த ஆள் நான். "கண்ணுல ரத்தக்குழாய் அடைச்சிருக்கு, ரெட்டினா டாக்டரைப் பாருங்க, தள்ளிப்போடாதீங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அங்கிருந்து போனது ஊரில் உள்ள ஒரு பெரிய கண் மருத்துவமனை. பெயர் எழுதப்போவதில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அடுத்த சோதனைக்கு அங்கேயேதான் போகவும் வேண்டும். இனி எழுதுவது மூன்று வருஷம் அங்கே நடந்ததைப் பற்றி: ஊசி, லேசர், அறுவை சிகிச்சை, பில், காத்திருப்பு எல்லாம்.

முதல் நாள் எடுத்த ஸ்கேனுக்கு ஓசிடி என்று பெயர். கண்ணைத் தொடாமல் வெளிச்சத்தாலேயே விழித்திரையைக் குறுக்குவெட்டாகப் படம் பிடிக்கிறது. தாடையை வைத்து ஒரு பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், ரெண்டு நிமிஷ வேலை. கையில் வந்த தாளில் நடுவில் ஒரு எண்: 538. கீழே மைக்ரான் என்று போட்டிருந்தது. மற்றவர்களுக்கு அது வெறும் எண். எனக்கு அப்படி இல்லை. அது விழித்திரை நடுவின் தடிமன், 538 மைக்ரான் என்றால் அரை மில்லிமீட்டருக்கு மேல். "சாதாரணமா எவ்வளவு இருக்கணும்?" என்று கேட்டேன். "250, 270 அந்த மாதிரி" என்றார் டாக்டரம்மா. ரெண்டு மடங்கு ஓவர்சைஸ். என் பட்டறையில் இப்படி ஒரு பீஸ் வந்தால் தூக்கி ஸ்கிராப்பில் போடுவோம். நோய் எவ்வளவு பெரியது என்று எனக்குப் புரியவைத்தது அந்த எண்தான்.

அடைப்பு எப்படி வந்தது என்று மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். இதற்கே தனியாக மதிப்பெண் தரலாம். விழித்திரைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியும், திரும்ப எடுத்துப்போகும் சிரையும் சில இடங்களில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே போகின்றன. அந்த இடத்தில் ரெண்டுக்கும் சேர்த்து ஒரே உறை. பல வருஷம் ரத்த அழுத்தம் ஏறியே இருந்தால் தமனி தடித்து இறுகிவிடும். ஒரே உறைக்குள் இருப்பதால் அடியில் உள்ள சிரை நசுங்கும், உள்ளே ரத்தம் உறையும். ஹைட்ராலிக் மிஷினில் பிரஷர் லைனையும் ரிட்டர்ன் லைனையும் ஒரே கிளாம்புக்குள் இறுக்கிக் கட்டியதுபோல. ரிட்டர்ன் அடைத்தால் எண்ணெய் எங்கே போகும்? சீல் வழியாகக் கசியும். என் கண்ணில் கசிந்தது விழித்திரையின் நடுப்புள்ளியில், அதாவது எழுத்து படிக்கிற இடத்தில். அடைப்பு மேல்பக்கக் கிளையில். விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுவதால் மங்கல் கீழ்ப்பக்கத்தில்.

சரி, கிளாம்ப்தானே பிரச்சினை என்று உடனே கேட்டேன்: "அந்த உறையை வெட்டி விட்டுடலாமே டாக்டர்?" சிரித்தார். "வெட்டிப் பார்த்திருக்காங்கய்யா" என்றார். 1988-இலேயே கண்ணுக்குள் போய் அந்த உறையை அறுத்துச் சிரையை விடுவித்த அறுவை சிகிச்சை பதிவாகியிருக்கிறதாம். 90-களில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் லேசரால் சுட்டு, அடைத்த சிரைக்கு விழித்திரையின் அடியில் உள்ள ரத்தப்படலத்துக்குள் ஒரு பைபாஸ் வழி போட்டார்கள். கிளை அடைக்காமல் பார்வை நரம்போடு வரும் மெயின் சிரையே அடைத்தவர்களுக்கு, பார்வை நரம்பின் ஓரத்தையே கத்தியால் கீறித் தளர்த்தும் முறை ஒன்று 2001-இல் வந்தது. இதில் எதுவும் வழக்கமான வைத்தியமாக நிற்கவில்லை. வெட்டும் இடத்தில் ரத்தம் கசியலாம், விழித்திரை கிழியலாம், நரம்பு கெடலாம். அதையெல்லாம் தாண்டிப் பார்வை எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் பார்த்தால் 2010-ஐ ஒட்டி வந்த ஊசிகளை அவை ஜெயிக்கவில்லை.

எனக்கு அது பெரிய ஏமாற்றம். மெக்கானிக் புத்தி அப்படி. அடைத்திருந்தால் அடைப்பை எடு, முடிந்தது வேலை என்று நினைப்போம். இந்த நோயில் அடைப்பை யாரும் எடுப்பதில்லை. அடைப்பால் வரும் கசிவையும், பின்னால் வரும் வம்பையும்தான் கவனிக்கிறார்கள். இது புரியாமல் போனதால்தான் நான் பின்னால் ஒரு தப்பும் செய்தேன்.

ஊசி. கண்ணில் ஊசி என்றதும் என் சம்சாரம் அழுதுவிட்டாள். உண்மையில் மூன்று வருஷத்தில் பட்டதில் இதுதான் சுலபம். முதலில் மரத்துப்போக சொட்டு, அப்புறம் பழுப்பு நிறப் பெட்டாடின் கழுவல், இமையை விரித்துப் பிடிக்க ஒரு கம்பி கிளிப். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. டாக்டர் ஒரு சின்ன காலிப்பரை எடுத்துக் கருவிழியின் ஓரத்திலிருந்து 4 மில்லி அளந்து புள்ளி வைத்தார். மார்க் பண்ணிவிட்டுத்தான் துளை. எனக்கு அந்த நிமிஷமே நம்பிக்கை வந்துவிட்டது. "அப்பா, மேல பார்த்துட்டே இருங்க, அசையாதீங்க" என்று சிஸ்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு அழுத்தம், முடிந்தது. உள்ளே போவது 0.05 மில்லி லிட்டர், ஒரு சொட்டு. பார்வையில் ரெண்டு கருப்புக் குமிழி மிதந்தது, மறுநாள் காணோம். ராத்திரி எரிந்தது ஊசியால் இல்லை, பெட்டாடினால். மிளகாய்ப் பொடி விழுந்ததுபோல் நாலு மணி நேரம். எரியும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

மருந்துத் தேர்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஆஸ்பத்திரியில் சிகிச்சை, செலவு விவரம் சொல்லும் கவுன்சலர் மேஜையில் இதைத்தான் வேகமாகத் தள்ளிவிடுகிறார்கள். ரத்தம் கிடைக்காமல் தவிக்கும் விழித்திரை ஒரு ரசாயனத்தைச் சுரக்கிறது. குழாய்களைக் கசியவிடுவது அதுதான். ஊசி மருந்து அதைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. அந்த மருந்துகளில் பெவாசிசுமாப் மலிவு. அது குடல் புற்றுநோய்க்கு வந்த மருந்து, பெரிய குப்பியிலிருந்து சின்னச் சின்ன டோஸாகப் பிரித்துக் கண்ணுக்குப் போடுகிறார்கள். ரனிபிசுமாப் கண்ணுக்கென்றே வந்தது. 2015 முதல் அதன் இந்தியத் தயாரிப்பு ரசுமாப் என்ற பெயரில் கிடைப்பதால் விலை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அஃப்ளிபெர்செப்ட் அப்போது என்னைப் போன்றவன் பட்டியலைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் விலை. மெயின் சிரை அடைத்தவர்களுக்கு மலிவான பெவாசிசுமாப் விலையுயர்ந்த அஃப்ளிபெர்செப்டுக்குக் குறைந்ததல்ல என்று அமெரிக்காவில் 2017-இல் ஒரு பெரிய ஆய்வு வந்திருப்பதை டாக்டரே சொன்னார். கவுன்சலர் சொல்லவில்லை. நான் பிரித்துக் கொடுக்கும் மருந்துக்குப் பயந்து ரசுமாப் எடுத்தேன். எல்லாம் சேர்த்து ஒரு ஊசிக்கு எனக்கு ஆனது பதினாலாயிரத்துச் சொச்சம்.

பலன்? முதல் ஊசிக்குப் பிறகு 538 என்பது 361. ரெண்டாவதற்கு 298. அஞ்சு ஊசியில் 271-க்கு வந்துவிட்டது. பார்வை அட்டையில் 6/36-இலிருந்து 6/9 (கீழ் எண் குறையக் குறையப் பார்வை நல்லது). மைக்ரோமீட்டர் கோடு தெரிந்தது. ஊசிக்கு முழு மதிப்பெண்.

இங்கேதான் என் தப்பு. டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்: "மருந்து ஒரு மாசம்தான் நிக்கும். நல்லாத் தெரியுதுன்னு வராம இருக்காதீங்க." 2023 ஏப்ரலுக்குப் பிறகு நான் போகவில்லை. பம்ப் சீசன், ஆர்டர் தலைக்குமேல். 271 என்ற எண் சரியாக இருந்தது. டாலரன்ஸுக்குள் வந்த பீஸை யாராவது மறுபடி கடைவார்களா? சம்சாரம் வாரம் ஒருமுறை, "ஏனுங்க, ஆஸ்பத்திரிக்கு எப்பத்தான் போவீங்க?" என்பாள். பொங்கல் கழியட்டும் என்றேன்.

பொங்கல் கழிந்தது. 2024 ஜனவரி கடைசியில் ஒரு காலை, பட்டறை ஷட்டரைத் தூக்கும்போது இடது கண்ணில் மேலேயிருந்து கருப்பு நூல் ஒன்று இறங்கியது. தண்ணீர் டம்ளரில் கட்டிங் ஆயில் விட்டால் எப்படிச் சுழன்று இறங்கும், அப்படி. டீ வாங்கி வருவதற்குள் முழுக்கப் புகை. கை விரல்களை முகத்துக்கு நேரே ஆட்டினால்தான் தெரிந்தது. வலி கொஞ்சமும் இல்லை, அதுதான் பயமுறுத்தியது.

நடந்தது இதுதான். ரத்தம் போகாத பகுதியில் கண் தானாகவே புதுக் குழாய்களை முளைக்கவிட்டிருக்கிறது. அவை மட்டமான குழாய்கள், தாமாகவே உடைகின்றன. உடைந்து கண்ணின் நடுவில் உள்ள ஜெல்லுக்குள் ரத்தம் கொட்டிவிட்டது. இடையில் வந்திருந்தால் சாயம் ஏற்றிப் படமெடுத்து (கையில் மஞ்சள் சாய ஊசி, ஒரு நாள் முழுக்க சிறுநீர் மஞ்சளாகப் போகும், லேசாகக் குமட்டும்) அந்தப் பகுதியை லேசரால் சுட்டு முளைகளைக் கருக்கியிருக்கலாம். டாக்டரம்மா திட்டவில்லை. கோப்பில் பழைய தேதியைப் பார்த்துவிட்டு, "ஒம்பது மாசமாயிருச்சேய்யா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

உடனே அறுக்கவில்லை. அல்ட்ராசவுண்ட் எடுத்து விழித்திரை கழன்றிருக்கிறதா என்று பார்த்தார்கள். கழலவில்லை. தலையை உயர்த்தி வைத்துத் தூங்கச் சொல்லி ஆறு வாரம் பொறுத்தார்கள், சிலருக்கு ரத்தம் தானாகவே படிந்து கரைந்துவிடுமாம். எனக்குக் கரையவில்லை. மார்ச்சில் அறுவை சிகிச்சை. பெயர் விட்ரெக்டமி.

அது அடைப்பை எடுக்கும் ஆபரேஷன் இல்லை என்பதை மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் என் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். ரத்தம் கலந்த ஜெல்லை வெட்டி உறிஞ்சிவிட்டு அந்த இடத்தில் உப்புநீரை நிரப்புவது, வழி தெளிந்ததும் உள்ளேயிருந்தே லேசர் அடிப்பது, அவ்வளவுதான் வேலை. 1970-இல் மயாமியில் ராபர்ட் மாக்கெமர் என்ற டாக்டர் இதைத் தொடங்கிவைத்தபோது கருவியின் தடிமன் ஒன்றரை மில்லி. அப்புறம் 0.9 ஆனது. எனக்குப் போட்டது 25 கேஜ், அதாவது அரை மில்லித் துளை, மூன்று. ஒன்றில் நீர் போகும், ஒன்றில் விளக்கு, ஒன்றில் கட்டர். தையல் கிடையாது. அரை மில்லி டிரில் பிட்டை ஒடிக்காமல் ஓட்டவே எங்கள் பட்டறையில் ஒரே ஒருத்தனால்தான் முடியும். இவர்கள் அந்த விட்டத்துக்குள் ஒரு குழாய், அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் கத்தி என்று வைத்திருக்கிறார்கள். என்ன வேகம் என்று ஆபரேஷன் மேஜையில் படுத்துக்கொண்டே கேட்டேன். நிமிஷத்துக்கு 7,500 வெட்டு என்றார்கள். என் லேத் ஸ்பிண்டில் 1,200-க்கு மேல் போனால் ஆடும்.

கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்கள், மயக்கம் இல்லை. முகத்தின்மேல் பச்சைத் துணி. பாதி வேலைக்குப் பிறகு, புகை கலைந்து, ஒரு மெல்லிய நிழல் குறுக்கே நகர்வது தெரிந்தது. கட்டர்தான் என்று நினைக்கிறேன். எழுபது நிமிஷம். லேசர் அடிக்கும்போது மட்டும் பல்லுக்குள் சுண்டியதுபோல் சில இடங்களில் வலித்தது.

எனக்குக் கண்ணுக்குள் கேஸ் நிரப்பவில்லை (கழன்ற விழித்திரையை அழுத்திப் பிடிக்க நிரப்புவது), அதனால் குப்புறப் படுக்கும் தண்டனை இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த குன்னூர்க்காரருக்கு விழித்திரை கழன்றதால் கேஸ் நிரப்பியிருந்தார்கள். அவர் குப்புறக் கிடந்தார், அது போதாதென்று மலையேறவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உயரம் போகப்போகக் கண்ணுக்குள் கேஸ் விரிந்து அழுத்தம் ஏறுமாம். சொந்த வீட்டுக்குப் போக முடியாமல் மேட்டுப்பாளையத்தில் தங்கச்சி வீட்டில் வாரக்கணக்கில் இருந்தார். நீலகிரிப் பக்கத்து ஆட்கள் ஆபரேஷனுக்கு முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மறுநாள் கட்டைப் பிரித்ததும் சுவர் கடிகாரத்தின் முள் தெரிந்தது. ஒரு மாதத்தில் 6/18. அதே வருஷக் கடைசியில் அதே கண்ணில் புரை வளர்ந்தது. விட்ரெக்டமி செய்த ஐம்பது தாண்டிய கண்ணில் அது வரும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்கள், அதனால் வருத்தமில்லை. 2025 பிப்ரவரியில் லென்ஸ் வைத்தாயிற்று. இப்போது 6/12. மூக்குப் பக்கம் கீழே ஒரு திட்டு மங்கலாகவே இருக்கிறது, நேர்க்கோடு அந்த இடத்தில் லேசாக நெளிகிறது. டிஜிட்டல் வெர்னியருக்கு மாறிவிட்டேன்.

இனி குறைகள். காத்திருப்பு முதலில். காலை எட்டரைக்கு டோக்கன் போட்டால் டாக்டர் முகத்தைப் பார்க்க ஒன்றரை, ரெண்டு. நடுவில் கண் விரிய சொட்டு, அரை மணிக்கு ஒருதரம், மூன்று முறை. விரிந்த கண்ணோடு கேன்டீனில் சில்லறை எண்ண முடியாது, திரும்பும்போது பஸ் நம்பர் தெரியாது. துணைக்கு ஆள் வேண்டும் என்று டோக்கன் சீட்டிலேயே அச்சடிக்கலாம். ஒரு தடவை நான் ஏறிய பஸ் உக்கடம் போய்விட்டது.

ரெண்டாவது, டாக்டரம்மா லீவ் என்றால் வேறொருவர் பார்க்கிறார், அவருக்குக் கதை முழுக்க மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. ஓசிடி தாளைக் கேட்டால்தான் தருகிறார்கள். கேட்டு வாங்குங்கள். நான் ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே தேதியும் மைக்ரானும் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன். புது டாக்டர்களே அதைத்தான் முதலில் வாங்கிப் பார்க்கிறார்கள்.

மூன்றாவது பில். அறுவை சிகிச்சைக்கு 62,000 என்றார்கள், வந்தது 69,400. லேசர் புரோபும் கட்டர் பேக்கும் தனி என்று ரசீதில்தான் தெரிந்தது. கேட்டதற்கு, "அது பேக்கேஜ்ல வராது சார்" என்றார் கவுன்சலர். வராது என்பதை முதல் நாளே ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் நான் சண்டை போட்டிருக்க மாட்டேன்.

இன்சூரன்ஸ் தனிக் கதை. 24 மணி நேரம் படுக்கவில்லை என்று சொல்லி ஊசிகளுக்கான கிளெய்மைத் தள்ளிவிட்டார்கள். மகன் தேடிப் பிடித்தான்: இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வெளியிட்ட விதிமுறையில் பாலிசியிலிருந்து ஒதுக்கக்கூடாத நவீன சிகிச்சைகள் என்று ஒரு பட்டியல் இருந்தது, அதில் கண்ணுக்குள் போடும் ஊசியும் உண்டு. அப்போதைய விதிப்படி உச்சவரம்பு வைத்துக்கொள்ளலாம், மொத்தமாக மறுக்க முடியாது. அதைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதியதும் மூன்று ஊசிக்குப் பாதிப் பணம் வந்தது. மற்ற ரெண்டுக்கும் ரசீதைத் தொலைத்தது நான்.

மொத்தத்தில் அந்த மருத்துவமனையில் டாக்டருக்கும் சிஸ்டர்களுக்கும் அஞ்சுக்கு அஞ்சு. ஆபரேஷனுக்கு நாலரை, அரை குறைத்தது பில்லுக்காக. கவுன்சலர் மேஜைக்கு ரெண்டு. காத்திருப்பு அறைக்கு ஒன்று, அதுவும் மின்விசிறி ஓடியதற்காக.

ரத்த அழுத்தம் இப்போது 130-க்குள், மாத்திரை தினமும். போன மாதம் ஓசிடியில் 284. அடுத்த சோதனைக்குச் செவ்வாய்க்கிழமை கேட்டு வாங்கியிருக்கிறேன், திங்கட்கிழமைக் கூட்டத்தில் டோக்கன் நூற்றைத் தாண்டிவிடும்.